பிரகலாதன் சரிதமும் சித்திரப்படமும்
(மருதமுனைப் பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

முன்னுரை

பழைய கதை ஒன்று புதிய கலைக்குள் புகும்போது அது பெறுவது யாது, இழப்பது யாது என்பதை ஆராய்தல் இலக்கிய மாணவர்க்கு என்றும் பயன் தருவதாகும். 2025ஆம் ஆண்டு யூலை 25ஆம் திகதி இந்தியாவில் வெளியான 'மகாவதார் நரசிம்மா' என்னும் சித்திரப்படம் இவ்வாராய்ச்சிக்கு நல்லதொரு வாய்ப்பை அளித்துள்ளது. அசுவின் குமார் என்பார் நெறிப்படுத்திய இப்படம் தமிழ் உட்படப் பல மொழிகளில் ஒலித்தது. இந்திய நாணயத்தில் 300 கோடி ரூபாவுக்கு மேல் ஈட்டி, அந்நாட்டில் அதுகாறும் வந்த சித்திரப்படங்கள் அனைத்தையும் வருவாயில் விஞ்சியது. தாயும் தந்தையும் மக்களும் ஒருங்கே சென்று கண்ட படம் அது.

படத்தைத் தயாரித்தோர் இத்துடன் நிற்கவில்லை. திருமாலின் அவதாரங்களை 2037ஆம் ஆண்டுவரை ஏழு படங்களாக வெளியிடப்போவதாக அறிவித்துள்ளனர். அத்திட்டம் நிறைவேறுமாயின், இன்று பாலர் வகுப்பிலிருக்கும் பிள்ளை பல்கலைக்கழகம் புகும் வரையில் இக்கதைகளை ஒரே நிறுவனத்தின் கைவண்ணத்திலேயே கண்டு வளரும். ஆகவே, "படம் நன்றா, தீதா?" என்னும் வினாவோடு நாம் அமைந்துவிடல் ஆகாது. படம் காணும் நம் பிள்ளைகளின் உள்ளத்தில் இக்கதையின் தமிழ் வடிவத்துக்கு இடம் எஞ்சுமா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. விடை காணும் பொருட்டு முதலில் கலையையும், பின்னர்க் கதையையும், இறுதியில் நம் கடற்கரையின் நிலையையும் நோக்குவாம்.

1. சித்திரம் நடமாடும் விதம்

அசையும் படம் என்று நாம் கூறினும் திரையில் அசைவது எதுவுமில்லை. சிறிது சிறிதாக வேறுபட்ட நிலைப்படங்கள் விநாடிக்கு 24 வீதம் கண்முன் தோன்றி மறைய, நம் கண்ணும் மூளையும் அவற்றை இணைத்து ஓர் இயக்கமாகக் கொள்கின்றன. இரண்டு மணி நேரப் படம் ஒன்றுக்கு இக்கணக்கின்படி 172,800 நிலைப்படங்கள் வேண்டும். மருதமுனையில் பிறந்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. பாவில் ஓடும் இழைகளைத் தனித்தனியே எண்ணுவார் நெசவாளர் ஒருவரே. சந்தையில் சாறத்தை வாங்குவோன் காண்பது துணியையே.

முற்காலத்தில் ஒவ்வொரு படத்தையும் கையால் வரைந்தனர். ஓவியர் ஒருவர் முதன்மையான நிலைகளை வரைய, துணை ஓவியர் இடைநிலைகளை நிரப்புவர். இன்று பெரும்பாலும் கணினியில் உருவத்தை மண்பொம்மை வனைவதுபோல் வனைந்து, உள்ளே எலும்புக்கூடு போன்ற மூட்டமைப்பைப் பொருத்தி, அம்மூட்டுக்களை அசைத்து நடிக்கச் செய்கின்றனர். ஒளி விழும் திசையையும், ஆடையின் மடிப்பையும், சிங்கத்தின் பிடரிமயிர் அலைவதையும் கணினியே கணித்துத் தருகின்றது. எனினும் எம்முகம், எந்நோக்கு, எந்நேரத்தில் மௌனம் என்பவற்றைத் தீர்மானிப்பவன் மனிதனே.

இக்கலையின் வரலாற்றிலே நம் வாசகர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இன்று எஞ்சியுள்ள நெடுஞ்சித்திரப்படங்களுள் மிகப் பழையது, செர்மனியப் பெண்மணியாகிய லொட்டே ரைனிகர் 1926இல் வெளியிட்ட 'இளவரசர் அகமது' பற்றியதாகும். கறுப்புக் காகிதத்தில் வெட்டிய நிழலுருவங்களை நம் தோற்பாவைக் கூத்துப்போல் இயக்கி அவர் அதனை ஆக்கினார். கதைக்கு ஊற்றாயிருந்தது அரபு நாட்டு 'ஆயிரத்தோர் இரவுகள்'. எனவே சித்திரப்படம் தன் இளமையிலேயே கீழைநாட்டுக் கதைகளை நாடிற்று எனலாம்.

இந்தியாவில் இத்துறை முறையாக வேரூன்றியது 1956இலாகும். டிஸ்னி நிறுவனத்திற் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் அவ்வாண்டு பம்பாய்க்கு வந்து, அரசின் திரைப்படப் பிரிவில் இளைஞர் சிலர்க்குப் பயிற்சியளித்தார். அதன் பயனாகப் புத்தசாதகக் கதையொன்றைத் தழுவிய 'ஆலமர மான்' 1957இல் வெளிவந்தது. அவரிடம் பயின்றோருள் ஒருவரே பின்னாளில் இந்தியச் சித்திரப்படத்தின் தந்தை எனப் பெற்ற இராம் மோகன்.

இராம் மோகனும் யப்பானியராகிய யுகோ சாக்கோவும் கொய்ச்சி சசாக்கியும் கூடி உருவாக்கிய இராமாயணச் சித்திரப்படம் 1992ஆம் ஆண்டுக்குரியது. சாக்கோ 1983இல் அகழ்வாராய்ச்சி பற்றிய விவரணப்படம் ஒன்றின் பொருட்டு இந்தியா சென்றபோது இக்கதையில் ஈடுபாடு கொண்டார். யப்பானிய மொழியிற் கிடைத்த இராமாயணங்கள் பலவற்றையும் தேடிக் கற்றார். இராமன் தெய்வமாகக் கருதப்படுவதால் நடிகர் ஒருவரைவிடச் சித்திரமே பொருந்தும் என்பது அவர் கொள்கை. அயல்நாட்டார் நம் காப்பியத்தைக் கேலிச்சித்திரமாக்குவதா என்ற எதிர்ப்பும் அன்று எழுந்தது. 2025ஆம் ஆண்டு தை மாதம் அப்படம் தமிழ் முதலிய மொழிகளில் மீண்டும் திரையிடப்பட்டபோது மக்கள் அதனை வரவேற்றனர். இடையில் 2005இல் வெளிவந்த 'அனுமான்', புராணக் கதையைச் சித்திரப்படமாக எடுத்து அரங்குகளில் வெற்றிபெறலாம் என்பதை மெய்ப்பித்தது.

சாக்கோவின் கொள்கையில் உண்மையுண்டு. நடிகர் ஒருவர் தெய்வமாகத் தோன்றுமிடத்து அவருடைய முந்திய வேடங்களும் தனிவாழ்க்கையும் உடன் தோன்றும். சித்திரத்துக்கோ முன்கதை இல்லை. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் ஆண்டுதோறும் நடைபெறும் பாகவத மேளாவிலே பிரகலாத சரித்திரம் ஆடும்போது நரசிம்மத்தின் முகமூடியை வழிபட்டே அணிவர். அங்கு முகமூடி செய்யும் பணியையே இங்குச் சித்திரம் செய்கின்றது. ஆடுவோன் மறையத் தெய்வம் தோன்றுகின்றது.

2. கதை வந்த வழி

இரணியன் கதை ஒரே அச்சில் வார்த்ததன்று. மூன்று வடிவங்களை ஒப்புநோக்கின் இது விளங்கும்.

விஷ்ணு புராணத்தின் முதற்பகுதியிற் கதை வருகின்றது. தூண் பிளக்கும் நிகழ்ச்சி அங்கில்லை. மகனைக் கொல்லப் பலவாறு முயன்று தோற்ற தந்தை, இறுதியில் அவன் உச்சியை மோந்து, கண்ணீர் மல்கத் தழுவி, "மகனே, உயிரோடிருக்கிறாயா?" என்ற கருத்துப்பட உருகுகின்றான். அதன்பின் நரசிம்மத்தால் அவன் மாண்ட செய்தி ஓரிரு சொற்களிற் கூறப்படுகின்றது. தந்தையின் நெஞ்சு நெகிழ்ந்த இடம் இது ஒன்றே; பலர் இதனை அறியார்.

பாகவதத்தின் ஏழாம் கந்தம் கதையை விரித்துரைக்கின்றது. தாய் வயிற்றிலிருந்தே நாரதரிடம் உபதேசம் பெற்ற ஐந்து வயதுச் சிறுவன், ஆசிரியர் இல்லாத வேளையில் அசுரச் சிறுவர்க்குத் தான் கற்றதைக் கற்பிக்கின்றான். தூணிலிருந்து நரசிம்மம் வெளிப்படுகின்றது. பகலுமன்று இரவுமன்று என்ற அந்தியில், உள்ளுமன்று புறமுமன்று என்ற வாயிற்படியில், மண்ணுமன்று விண்ணுமன்று என்ற மடியில், படைக்கலமல்லாத நகத்தால் இரணியன் முடிகின்றான். பின்னர்த் திருமகளும் நெருங்க அஞ்சிய அச்சினத்தைச் சிறுவன் ஒருவனே நெருங்கித் தணிக்கின்றான். வரம் கேள் என்றபோது தனக்கென எதுவும் வேண்டாது, தன் தந்தை பிழை நீங்கித் தூயனாதல் வேண்டும் என்கின்றான்.

மூன்றாவது கம்பன் பாடியது. வான்மீகத்தில் இல்லாத இக்கதையைக் கம்பன் யுத்த காண்டத்திலே 'இரணியன் வதைப் படலம்' என அமைத்தான். திருவரங்கத்தில் நூல் அரங்கேறியபோது இப்பகுதிக்குத் தடை கூறப்பட்டதென்றும், அங்கிருந்த நரசிம்ம மூர்த்தியே தலையசைத்து ஏற்றதென்றும் செவிவழிக் கதை வழங்குகின்றது. கதையைக் கூறுபவன் வீடணன், கேட்பவன் இராவணன். செருக்கால் அழிந்த ஒருவன் வரலாற்றைக் காட்டி அண்ணனைத் திருத்த முயலும் தம்பியின் வாதமே இப்படலம். வாதம் தோற்கின்றது. தந்தையின் உடல் பிளக்கப்படப் பகைவனை வாழ்த்தி அரசு பெற்ற அந்த மகனும், பகைவனிடம் அன்பு காட்டும் நீயும் ஒரு தன்மையர் என்று இராவணன் இகழ்கின்றான். அடியவனாகிய கம்பன் எதிர்க்கட்சியின் வாதத்தையும் வலுக்குன்றாது பதிவு செய்துள்ளமை நோக்கற்பாலது.

இராவணன் தொடுத்த அவ்வினா பின்னரும் ஓயவில்லை. 1934இல் மேடையேறிய பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்னும் நாடகம், இரணியனைச் சூழ்ச்சிக்கு இரையான தமிழ் வீரனாகப் படைத்தது. திரையுலகிலோ பத்தியே மேலோங்கிற்று. முதல் தெலுங்குப் பேசும்படமாகிய 'பக்த பிரகலாதா' 1932இல் வந்தது. 1939இல் வந்த தமிழ்ப் படத்திலே டி. ஆர். மகாலிங்கம் பிரகலாதனாகத் தோன்றினார். 1967இல் ஏவிஎம் நிறுவனத்தார் எடுத்த படத்திலே எஸ். வி. ரங்காராவ் இரணியனாகத் தோன்றியதை மூத்த பழைய மாணவர்கள் நினைவுகூர்வர். இவ்வரிசையிற் புதியதே 2025ஆம் ஆண்டுச் சித்திரப்படம்.

3. கம்பன் காட்டியதும் திரை காட்டியதும்

புதிய படம் விஷ்ணு புராணம், நரசிம்ம புராணம், பாகவதம் ஆகியவற்றைத் தழுவியது. வராக அவதாரத்தை முற்பகுதியிலும் நரசிம்ம அவதாரத்தைப் பிற்பகுதியிலும் அமைத்து, இறுதிப் போரைப் பெருங்காட்சியாக விரிக்கின்றது. வடநாட்டில் பெரிதும் வழங்கும் ஓலிகையின் கதையும் அதிலுண்டு. கம்பனில் அவள் இல்லை. படம் தமிழிற் பேசுகின்றது; ஆனால் அது பேசும் தமிழில் கம்பன் இல்லை. இது படத்தின் குற்றமன்று. எடுத்தோர் தாம் அறிந்த நூல்களைக் கொண்டனர். நாம் அறிந்த நூலை நம் பிள்ளைக்குக் காட்டாதொழியின் அது நம் குற்றமாகும். காட்டவேண்டிய இடங்கள் மூன்றை ஈண்டுக் குறிப்பிடுவாம்.

முதலாவது, இறைவன் எங்குள்ளான் என்ற வினாவுக்குக் கம்பனின் பிரகலாதன் இறுக்கும் விடை. சாண் அளவிலும் உளன், அணுவை நூறு கூறிட்டால் அக்கூற்றிலும் உளன், மாமேருவிலும் உளன், இந்தத் தூணிலும் உளன் என்று அடுக்கியவன், நீ இப்போது சொன்ன சொல்லிலும் உளன் என்கின்றான். தூணைக் கணினியில் வனையலாம், அணுவையும் வனையலாம். மறுத்துரைப்பவன் சொல்லுக்குள்ளேயே இறைவன் இருக்கின்றான் என்பதை எவ்வாறு வனைவது? இது செவிக்கும் சிந்தனைக்கும் மட்டுமே உரிய இடம்.

இரண்டாவது, தூணிலிருந்து முதலில் வெளிப்பட்டது எது என்பது. திரைப்படங்களிலே கர்ச்சனை கேட்கும். கம்பனிலே கேட்பது சிரிப்பு. இரணியன் "நன்று நன்று" என ஏளனமாக நகைத்துத் தூணை அறைகின்றான். அறைந்த அளவில் திசைகள் திறக்கவும் அண்டம் கீறவும் உள்ளிருந்து சிங்கம் சிரிக்கின்றது. செருக்கின் சிரிப்புக்கு மறுமொழி சிரிப்பே. உருவம் இன்னும் தோன்றவில்லை; ஒலி மட்டுமே. அவ்வொலி கேட்ட சிறுவன் ஆடுகின்றான், அழுகின்றான். தந்தையோ, சிரித்தவன் யாரடா என்று போருக்கு அழைக்கின்றான். ஒரே ஒலி இருவர் நெஞ்சில் இருவேறு பொருள் கொள்வதைக் கம்பன் இவ்வாறு நாடகமாக்குகின்றான். பின்னர் உருவம் தோன்றும்போதும் அது ஓருருவாக நிற்பதில்லை. எண்ணிறந்த அவுணருள் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு முகமும் இரு கைகளுமாகப் பெருகுகின்றது. அஞ்சி நிற்பவன் ஒவ்வொருவனும் தன்னை நோக்கும் முகத்தைக் காண்கின்றான்.

மூன்றாவதே நாம் பெரிதும் வற்புறுத்த விரும்புவது. சிங்கம் வெளிப்பட்ட பின்னும் பிரகலாதன் தந்தையைக் கைவிடவில்லை. இத்தனை கண்டும் உணர்ந்திலையோ, இப்போதாயினும் வணங்கு, உன் தீச்செயலை அவன் பொறுப்பான் என்று இறைஞ்சுகின்றான். இரணியனோ, என் வாளையன்றி வேறெதனையும் வணங்கேன் என மறுத்துப் போருக்கு எழுகின்றான். ஆகவே கம்பனில் இரணியன் இறப்பது விதியின் பொறியிற் சிக்கியதால் மட்டுமன்று. இறுதிக் கணத்திலும் திறந்திருந்த வாயிலை அவனே அடைத்ததால். வெற்றி முழக்கத்திடையே இக்கணத்தைப் பிள்ளை தவறவிடுமாயின், "கெட்டவன் மாண்டான்" என்ற பாடமே எஞ்சும். மகன் தந்தைக்காக மன்றாடினான் என்ற பாடம் மறையும். குடும்பத்தோடு காணும் படத்திலே குடும்பத்துக்குரிய பாடம் பின்னதேயன்றோ?

4. நம் கடற்கரையின் நிலை

மருதமுனை முசுலிம்கள் வாழும் ஊர். வடக்கே பெரியநீலாவணையும் தெற்கே பாண்டிருப்பும் தமிழர் ஊர்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதையை ஒட்டி நடைபெறும் தீமிதிப்பு விழாவின் பறையொலி நம்மூர்த் தறியொலியோடு கலந்து கேட்ட காலம் உண்டு. மட்டக்களப்பு வடமோடிக் கூத்துக்கள் இராமாயண பாரதக் கதைகளையே பெரிதும் ஆடின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்றார். விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவும் இதே கரையிலுள்ளது.

முசுலிம் மாணவர் ஒருவர் இந்துக் கல்லூரியிற் கம்பனைக் கற்பது அன்று வியப்புக்குரியதாயிருக்கவில்லை. உமறுப் புலவரின் சீறாப்புராணம் காண்டமும் படலமுமாக அமைந்து, நாட்டுவளம் நகரவளம் பாடித் தொடங்குவதன் அருமையை, கம்பனைக் கற்றவனே முற்றும் உணர்வான். நம்மூரிற் பிறந்த புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் அவர்களின் மரபுத்தமிழ் இத்தகைய கல்வியில் விளைந்ததே. தமிழ்நாட்டிலோ, சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்த மு. மு. இஸ்மாயீல் கம்ப இராமாயண ஆராய்ச்சியில் முன்னணியில் நின்றார். வாலி வதம் பற்றிய அவர்தம் 'மூன்று வினாக்கள்' கற்றோர் போற்றும் நூலாகும்.

பின்னர் வந்த கலவர ஆண்டுகள் ஊருக்கும் ஊருக்கும் இடையே வேலி இட்டன. பிள்ளைகள் தத்தம் பாடசாலைகளிலேயே பயில்கின்றனர். ஒருவர் விழாவை மற்றவர் காண்பது அருகிற்று. கைத்தொலைபேசி வேலி அறியாது. நரசிம்மத்தின் சித்திரம் எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே வேகத்தில் நுழைகின்றது. ஆயின் அக்கதையை விளக்க அயல்வீட்டு ஆச்சி இல்லை. படலத்தைப் பொருள் பிரித்துச் சொல்ல ஆசிரியர் இல்லை. காட்சி பொதுவாயிற்று, பேச்சு பொதுவாகவில்லை.

இறைவனுக்கு உருவம் கற்பியாத மார்க்கத்தைச் சார்ந்த நாம் இக்கதையை வழிபாட்டுக்காகப் படிப்பதில்லை, இலக்கியமாகவே படிக்கின்றோம். அவ்வாறு படிக்குந்தோறும் நாம் நினையாதிருக்க முடியாத வரலாறு ஒன்றுண்டு. திருக்குர்ஆனிலே நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் சிலைவணக்கத்தில் நின்ற தம் தந்தையை, "என் தந்தையே" என மீண்டும் மீண்டும் அன்போடு விளித்து எடுத்துரைக்கின்றார்கள். தந்தை சினந்து விலக்குகின்றார். மகனோ, உமக்குச் சாந்தி உண்டாகுக, உமக்காக என் இறைவனிடம் மன்னிப்பு வேண்டுவேன் என்று கூறிப் பிரிகின்றார்கள். பின்னர் அவர்தம் சமூகத்தார் மூட்டிய தீ குளிர்ந்து அவரைக் காக்கின்றது.

இவ்விரண்டும் ஒரே கதை என நாம் கூறவில்லை. கொள்கை வேறு, மரபு வேறு, நோக்கம் வேறு. அவற்றை ஒன்றெனக் குழைப்பது இரண்டுக்கும் நீதியாகாது. ஆயினும் தந்தை சொல்லை ஏற்க இயலாத மகன் தந்தையை வெறுக்காமல் நிற்பது எவ்வாறு என்ற வினாவை இரண்டு மரபுகளும் தத்தம் பிள்ளைகளின் முன் வைத்துள்ளன. பாண்டிருப்புப் பிள்ளையும் மருதமுனைப் பிள்ளையும் ஒருங்கிருந்து பேசுதற்கு இதனினும் சிறந்த பொருள் வேறு யாது?

5. செய்யத்தக்கன

ஆராய்ச்சி செயலாக முடிதல் வேண்டுமாதலின் சில கூறி அமைவாம்.

ஆசிரியர்கள் படத்தைத் தடைசெய்ய முயலுதல் வீண். படம் காணுமுன் இரணியன் வதைப் படலத்திற் பத்துப் பாடல்களையேனும் பொருளுணர்த்தி, உரக்கப் படிப்பிக்கலாம். தூண் சிரித்த இடத்தில் நிறுத்தி, கேட்டதை மாணவர் தம் சொற்களில் எழுதச் செய்யலாம். எழுதிய பின் படத்தைக் கண்டால், அவர்கள் தம்முள் வளர்த்த காட்சியோடு திரையின் காட்சியை ஒப்பிடுவர். ஒப்பிடத் தெரிந்த பிள்ளையைப் படம் அடிமைகொள்ளாது.

மாணவர்கள் இராவணன் வீடணனுக்குக் கூறிய மறுமொழியை வைத்து வாதம் நிகழ்த்தலாம். பிரகலாதன் தந்தைக்குத் துரோகியா, தந்தைக்காக மன்றாடியவனா? பாரதிதாசனின் கட்சியைப் பேச ஒருவர், பாகவதத்தின் கட்சியைப் பேச ஒருவர், கம்பன் கட்சியைப் பேச ஒருவர் என மூவர் வேண்டும்.

பழைய மாணவராகிய நமக்குரிய பணி சற்றுப் பெரிது. இவ்விழா ஆண்டிலே நம் சங்கம் மருதமுனையில் ஒரு மாலையும் பாண்டிருப்பில் ஒரு மாலையும் ஏற்பாடு செய்து, இரு ஊர்ப் பிள்ளைகளையும் இரண்டுக்கும் அழைத்தல் வேண்டும். ஒரு மாலை கம்பனின் படலமும் மறுமாலை சீறாப்புராணத்தின் படலமும் படிக்கப்படுக. செலவு சிறிது, மண்டபமும் விளக்கும் சில பிரதிகளுமே தேவை. கூத்தறிந்த அண்ணாவியாரும், இசையோடு சீறா படிக்கவல்ல பெரியோரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் உள்ளபோதே இது நடைபெறுதல் நன்று.

முடிவுரை

சித்திரப்படம் இக்காலத்தின் கூத்து. அதன் உழைப்பையும் ஆற்றலையும் மதிப்போம். கூத்துக் களரியைச் சுற்றி அன்று ஊரே அமர்ந்து பார்த்தது, இடையிடையே பேசிற்று, மறுநாள் வயலிலும் தறிமேடையிலும் அதனையே விவாதித்தது. அந்தப் பேச்சையும் விவாதத்தையும் புதிய கூத்துக்கும் தேடிக் கொடுத்தல் கற்றோர் கடன். நம் கல்லூரி அக்கடனை இரு சமூகத்துப் பிள்ளைகளுக்கும் பல தலைமுறை ஆற்றிவந்துள்ளது; இனியும் ஆற்றுவதாக.